சமயப் பற்றும் சமய வெறியும்



தொண்டை நன்னாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32. அவற்றுள் ஒன்றாய், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே விளங்குவது வடதிருமுல்லைவாயில். அங்கு எழுந்தருளியுள்ள மாசிலாமணியீசரின் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருக்கும். சித்திரைச் சதயத்தை ஒட்டி அக்காப்புக் களையப்பெறும்போதுதான் அடியார்கள் பெருமானை உள்ளபடி காண்கின்றனர். காப்பு எதற்காக என்று கேட்டால், அத்தலத்துச் சிறுவரும் விடை சொல்வர். பெருமான் திருமுடியில் வாளால் வெட்டுண்ட காயம் உண்டு. அது ஆறும்பொருட்டே சந்தனம் சாத்தப்படுகிறது என்பர்.

வெட்டியவர் யார்? ஈண்டுதான் நாம் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். வெட்டியவன் புறச்சமயத்தான் அல்லன். இறைவன் இல்லை என்றவனும் அல்லன். சிவபத்தனாகிய தொண்டைமான் வெட்டினான். புழற்கோட்டைக் குறும்பரோடு பொரப் போந்தவன், தன் யானையின் காலை முல்லைக்கொடி பின்னிக்கொண்டதும் யானைமேல் இருந்தவாறே வாளை வீசினான். கொடியோடு சேர்த்துக் குருதியும் பெருகிற்று. வழியை மறித்த கொடியைக் கண்டவன், கொடியின் அடியில் இருந்தவரைக் கண்டிலன். இன்னொன்றும் உண்டு. அவன் எதிர்த்துச் சென்ற குறும்பரும் வைரவர் துணையைப் பெற்றவர் என்று தல வரலாறு கூறும். எனவே போரின் இருமருங்கும் நின்றவர் சிவனைத் தொழுதவர். இடையில் வெட்டுண்டவர் சிவபெருமான்.

குருதியைக் கண்ட தொண்டைமான் செய்தது என்ன? யானையினின்றும் இறங்கினான், பிழையுணர்ந்தான், அதே வாளைத் தன் கழுத்திலே வைத்தான். பெருமான் தடுத்தாட்கொண்டு, வெட்டுண்டும் தாம் மாசற்ற மணியே என்றருளினார் என்பது வரலாறு. சுந்தரமூர்த்தி சுவாமிகள், ஒற்றியூரை நீங்கிக் கண்ணொளி இழந்த நிலையில் இத்தலத்திற்கு வந்து பாடிய திருப்பதிகத்தில் தொண்டைமானுக்கு அருளிய இச்செய்தியைக் குறித்துள்ளார்.

சமயத்தின் பெயரால் வாளெடுப்போர் தாம் சார்ந்த சமயத்தை உணர்ந்தவர்தாமா என்னும் வினாவை இக்கதையிலிருந்து தொடங்குவது பொருந்தும். வினா பழையது, ஆயினும் அதன் நிழல் நம் வாயிலுக்கு அருகிலேயே விழுந்துள்ளது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23-ஆம் நாள், தீபாவளிக்கு முந்திய விடியலில், கோயம்புத்தூர் உக்கடத்தில் கோட்டை ஈசுவரன் கோயில் என வழங்கும் சங்கமேசுவரர் திருக்கோயிலின் முன்னே ஒரு கார் வெடித்துச் சிதறியது. காரில் இருந்த இளைஞர் மாண்டார். அவர் பொறியியல் பயின்றவர். சமயத் தீவிரவாதத்தின் பாற்பட்டுச் செய்த செயல் இது என்று தேசியப் புலனாய்வு முகமை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தாக்கல் செய்த இடம் நம் பூந்தமல்லியிலுள்ள சிறப்பு நீதிமன்றம். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் என்று நாம் போற்றும் அவ்வூரின் பெயரை, செய்தித்தாளில் குண்டு வழக்குகளோடு சேர்த்துப் படிக்கும் காலம் வந்துவிட்டது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் சில நாள்களில் கோட்டைமேட்டு ஜமாஅத்தார் அத்திருக்கோயிலுக்கே சென்று, கோயிலாரைக் கண்டு, தாங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு ஒன்றி வாழ்பவர்கள் என்பதைக் கூறி, ஒற்றுமையை வேண்டித் திரும்பினர். கோயம்புத்தூர் இந்தப் பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்ற ஊர். 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் முசுலிம்கள் 18 பேர் மாண்டனர். 1998 பிப்ரவரி 14-இல் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தனர். ஒன்றுக்கு மற்றொன்று விடை என்று இருதரத்து வெறியரும் எண்ணினர். மாண்டவருள் பெரும்பாலோர் எந்த வினாவையும் எழுப்பாதவர்.

இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது நம்மில் இருவகை விடைகள் உடனே எழும். ‘அவர்கள் சமயமே அத்தகையது’ என்பது ஒன்று. ‘அவர்கள் அச்சமயத்தாரே அல்லர்’ என்பது மற்றொன்று. முதல் விடை பிழையானது. அதனை ஏற்போமாயின், கோயிலுக்கு வந்து நின்ற அந்த ஜமாஅத்தாரை எந்தக் கணக்கில் வைப்பது? இரண்டாவது விடை நல்லெண்ணத்தால் எழுவது. ஆயினும் அதுவும் நிறைவானதன்று. வெறியர் நூலறியாதவர் அல்லர். பலர் நூலை மனப்பாடமாக ஒப்பிப்பர், விரதம் தவறார், கோலம் குறையார். அவர்களைச் சமயத்திற்கு வெளியே தள்ளிவிட்டு, நமக்கு அதில் தொடர்பில்லை என்று கை கழுவிக்கொள்வது எளிது. ஆனால் அவர்கள் வெளியே இருந்து வந்தவர் அல்லர். அதே திண்ணையில், அதே ஏட்டைப் படித்து வளர்ந்தவர்கள். ஆகவே, ‘அறியாமை’ என்று சொல்வோமாயின் அஃது எவ்வகை அறியாமை என்றும் சொல்லியாக வேண்டும்.

பிறர் வீட்டுக் கூரையை எண்ணுவதற்கு முன் நம் வீட்டு முற்றத்தைப் பார்த்தல் முறை. சைவத்தின் வரலாறு முழுவதும் பசும்பாலாய் இருந்தது என்று கூற நாம் துணியோம். பெரியபுராணத்தைக் கேட்டு மகிழ்ந்த அநபாயன் இரண்டாம் குலோத்துங்க சோழன் என்பர் ஆராய்ச்சியாளர். அவ்வரசனே தில்லைத் திருமுற்றத்தில் பள்ளிகொண்டிருந்த கோவிந்தராசரை அகற்றிக் கடலில் இட்டான் என்பதனை, ஒட்டக்கூத்தர் பெருமிதத்தோடு உலாவில் பாடியுள்ளார். அறுபத்துமூவர் வரலாற்றைக் கேட்ட செவி அது. ஏவிய வாயும் அவனுடையதே. 16-ஆம் நூற்றாண்டில் விசயநகர அச்சுததேவராயர் அத்திருமேனியை மீண்டும் எழுந்தருளச் செய்தார். இன்று தில்லைக்குச் செல்லும் அன்பர், ஓரிடத்தில் நின்றபடியே ஆடும் பெருமானையும் அறிதுயிலில் உள்ள பெருமாளையும் ஒருசேரத் தொழுகின்றனர். அகற்றியதால் சைவம் பெற்ற ஊதியம் யாது? மீண்டு வந்ததால் இழந்தது யாது? ஒன்றும் இல்லை.

மதுரையில் சமணர் எண்ணாயிரவர் கழுவேறிய செய்தியையும் ஒளிக்க வேண்டுவதில்லை. வாதில் தோற்றால் கழுவேறுவோம் என்று அவர்களே உரைத்த வஞ்சினத்தின்படி அது நடந்தது என்று புராணம் கூறும். சம்பந்தர் காலத்திற்குப் பின்னும் பாண்டிநாட்டில் சமணம் வாழ்ந்தது என்பதற்குக் கழுகுமலைச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் சான்றாதலின், இக்கழுவேற்றம் புராணம் சொன்னபடியே நடந்ததா என்று ஐயுறும் வரலாற்றாசிரியர் பலர். நடந்ததோ இல்லையோ, அதனைக் கேட்கும்பொழுது நம் அவையில் எழும் ஆரவாரம் உண்மையானது. வாதில் வென்ற திருஞானத்தைப் போற்றுதல் ஒன்று. மாண்டவர் எண்ணிக்கையைப் போற்றுதல் வேறொன்று. பின்னதைக் கைதட்டிக் கேட்பவர், தம்மை அறியாமலே வேறோர் அவைக்கு நகர்ந்துவிடுகின்றனர்.

இதே காலத்தில் வாழ்ந்த திருநாவுக்கரசு சுவாமிகளை நோக்குவோம். சமணத்தில் தருமசேனராய்த் தலைமை பெற்று, இரு சமயத்தையும் உள்ளிருந்து அறிந்தவர் அவர் ஒருவரே. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைக்கப்பட்டார், நஞ்சூட்டப்பட்டார், யானையை ஏவினர், கல்லில் கட்டிக் கடலில் இட்டனர். அரசனுக்கு அஞ்சி ஓரடியும் பின்வாங்கவில்லை. இதனைவிட உறுதியான சமயப் பற்று வேறு உண்டோ? ஆனால் கரையேறிய பின் அவர் எவரையும் தண்டிக்க வேண்டியதாக வரலாறு இல்லை. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அதிகையிலே குணபரவீச்சரம் எடுத்தவன் காடவ மன்னன். அப்பரடிகள் கையில் இருந்த படை உழவாரப்படை. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. அதற்கு வேறு வேலை தெரியாது. சமயத்திற்காகத் துன்புற்றவர் கையில் புல் செதுக்கியும், புதிதாகச் சேர்ந்த அரசன் கையில் கடப்பாரையும் இருந்த இவ்வேற்றுமை, நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்குப் பாதி விடை என்பது நம் கருத்து.

மீதிப் பாதியை மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் காண்கின்றோம். போரில் பன்முறை தோற்ற முத்தநாதன், சேதி நாட்டரசரை வெல்லும் வழி ஒன்றே உண்டு என்று கண்டான். மேனி முழுவதும் திருநீறு பூசினான், சடை முடித்தான், புத்தகக் கவளியினுள் கத்தியை மறைத்தான். திருக்கோவலூர் அரண்மனை வாயில்கள் ஒவ்வொன்றும் திறந்தன. யாண்டும் இல்லாத ஆகம நூலொன்று கொணர்ந்திருப்பதாகக் கூறி, அரசரைத் தரையில் அமர்த்தித் தான் ஆசனத்திலிருந்து கட்டை அவிழ்த்தான். சைவத்தின் வேடம், சைவத்தின் நூல், சைவத்தின் குரு என்னும் நிலை ஆகிய மூன்றும் அவனிடம் இருந்தன. அவற்றின் ஆற்றலை நன்கு அறிந்தமையாலன்றோ அவற்றைக் கருவியாக்கினான்! அவன் அறியாதது ஒன்றே. நீறு எதற்கு என்று அவன் அறியான். உடல் நீறாகும் என்பதையும், ‘யான்’ நீறாக வேண்டும் என்பதையும் குறிக்கும் பொருளைப் பூசிக்கொண்டு, தன் தோல்விக்குப் பழிவாங்க வந்தான்.

வாளோங்கிய தத்தனைத் தடுத்து, இவர் நம்மைச் சேர்ந்தவர், ஊறின்றிக் கொண்டுவிடு என்று பணித்தார் நாயனார். இதைக்கொண்டு, வேடம் பூண்ட கொலைஞரை நாடு தண்டிக்கலாகாது என்று பொருள் கொள்ளுதல் பொருந்தாது. தம்முயிர்க்கு வந்த தீங்கைத் தாம் பொறுத்தல் அடியவர்க்கு உரியது. பிறர் உயிர்க்கு வந்த தீங்கைத் தடுத்தல் அரசுக்கு உரியது. பூந்தமல்லி நீதிமன்றம் தன் கடமையைச் செய்க. நாயனாரின் பொறுமையைக் காட்டி அதன் வாயிலை அடைக்க வேண்டுவதில்லை. இன்னொன்றும் நோக்குக: தத்தன் அக்கொலைஞனைத் தடுத்த ஊராரிடமிருந்து காத்துக் கொண்டுபோய் விட்டான். முத்தநாதன் செய்ததற்காக நீறு பூசிய வேறெவர் மேலும் அவ்வூரில் ஒரு கை ஓங்கியதாகச் சேக்கிழார் கூறவில்லை.

இஃது ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கதை என்று ஒதுக்குவார்க்கு, 1948 சனவரி 30-ஆம் நாளை நினைவூட்டுவோம். தில்லிப் பிர்லா மாளிகையில் வழிபாட்டிற்கு நடந்து சென்ற காந்தியடிகளின் முன் ஒருவன் வந்து, வணங்கிய பின்னர்ச் சுட்டான். தொழுத கையினுள்ளும் படை ஒடுங்கியிருக்கும் என்று வள்ளுவர் எச்சரித்தது கண்கூடாயிற்று. சுட்டவனும் சமயநூல் கற்றவனே. 1949 நவம்பர் 15-இல் அம்பாலாச் சிறையில் தூக்குமேடைக்குச் சென்றபோது நாதுராம் கோட்சே பகவத்கீதையைக் கையிற்கொண்டு சென்றான். காந்தியடிகள் அதே கீதைக்கு உரை எழுதியவர். நாள்தோறும் அதை ஓதியவர். நூல் ஒன்று, படித்தவர் இருவர். ஒருவர் அதில் தம் சினத்தை வெல்லும் வழியைத் தேடினார். மற்றவன் தன் சினத்திற்கு ஓர் இசைவைத் தேடினான். காந்தியடிகளின் மைந்தர் மணிலாலும் இராமதாசும் கொலைஞரின் தூக்குத் தண்டனையைக் குறைக்குமாறு வேண்டினர், அரசு ஏற்கவில்லை. கோவலூர் அரண்மனையில் எழுந்த குரல் அது என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி, அவ்வறியாமை யாது என்பதைச் சித்தாந்த நெறியில் காண்போம். உயிரைப் பற்றிய மலங்களுள் மூலமானது ஆணவம். செம்பில் களிம்புபோல உயிரோடு உடன் தோன்றியது. புறத்திலுள்ள இருள் பிற பொருளை மறைக்கும். ஆனால் ‘இருள் இருக்கிறது’ என்றாவது தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவமோ தான் இருப்பதையும் காட்டாது என்பது உமாபதி சிவனார் திருவருட்பயனில் விளக்கும் நுட்பம். யான், எனது என்று நிற்பது அதன் இயல்பு. சமயத்திற்குள் வந்தவன் வீட்டையும் நிலத்தையும் ‘எனது’ என்பதைக் குறைத்துக்கொள்ளக்கூடும். ஆனால் அந்த ‘எனது’ சாகவில்லை. ‘எனது சமயம், எனது கடவுள்’ என்று இடம் மாறிக் குடியேறுகிறது. அங்கு அதனை அடையாளம் காண்பது அரிது. ஏனெனின் இப்போது அது நீறு பூசியிருக்கிறது. நிலத்துக்காகச் சினந்தவனுக்குத் தான் சினந்தது தெரியும். கடவுளுக்காகச் சினப்பதாக எண்ணுபவனுக்கு அது தெரியாது. அதனை அருள் என்றே கொள்வான். வெறியரின் அறியாமை எழுத்தறியாமையும் அன்று, நூலறியாமையும் அன்று, தன்னை அறியாமை. நூல் அறிவு பெருகப் பெருக இவ்வறியாமை வலுப்பெறுதலும் உண்டு. அதனால்தான் கற்றவரிடையே வெறி தோன்றும்போது நாம் வியப்படைய வேண்டுவதில்லை.

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்தொழிலும் இறைவனுக்குரியன. வெறியர் அவற்றுள் அழித்தல் ஒன்றையே எடுத்துக்கொள்கின்றனர். அதனையாவது உணர்ந்து எடுத்தனரா? சிவஞான சித்தியார் அழித்தலுக்குக் கூறும் காரணம் சினம் அன்று. பிறவியில் உழன்று களைத்த உயிர்களின் இளைப்பை ஒழித்தலே அது. அழிக்கும்போதும் அருளே செய்பவனுக்கு, சினத்தால் அழிப்பவன் எங்ஙனம் ஏவலாளன் ஆவான்?

அதே சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், பரபக்கத்தில் புறச்சமயங்களை மறுத்தவர். மறுப்பு என்றால் அது மறுப்பு; எவர்க்கும் விட்டுக்கொடாத மறுப்பு. ஆயின் அவர் கையாண்ட முறை யாது? உலகாயதன் முதலாக ஒவ்வொரு சமயத்தான் கொள்கையையும், அச்சமயத்தானே வந்து உரைப்பதுபோல முதலில் நிறுத்துகின்றார். அதன் பின்னரே மறுக்கின்றார். இதற்குப் பிறர் நூலை ஆழக் கற்றிருத்தல் வேண்டும். பிறர் வாயிலாகப் பேசும் பொறுமையும் வேண்டும். குண்டு எறிபவனுக்கு இரண்டும் தேவையில்லை. எந்தத் தெய்வத்தை எவர் வழிபடினும் அத்தெய்வமாக வந்து பயன் அளிப்பவன் மாதொருபாகனே என்னும் கருத்தையும் இவ்வாசிரியரே அருளினார். இதனை ஏற்ற சைவன், பிறர் வழிபாட்டுக்கூடத்தின் மேல் எறியும் கல் எங்கு சென்று படும் என்று எண்ணிப் பார்க்கட்டும். முல்லைக்கொடியின் அடியில் இருந்தவர் யார் என்பதை முன்பே கண்டோம்.

‘எல்லாம் ஒன்றே என்றால் சைவம் எதற்கு?’ என்று வினவும் அன்பர் உண்டு. நியாயமான வினாவே. எல்லாம் ஒன்று என்று அருணந்தி சிவாசாரியார் கூறவில்லை. படிகள் உண்டு, உயர்வு தாழ்வு உண்டு என்றே கூறினார். தன் நெறியே மேலானது என்று கொள்ளுதல் வெறி ஆகாது. பிறர் உயிரோடு இருக்கும் உரிமையை அக்கொள்கையோடு முடிச்சிடும்போதே அது வெறியாகிறது. அப்பரடிகள் தம் நெறியை ஓர் அணுவும் தளர்த்தவில்லை என்பதை மறவற்க.

வெறி என்பது வெடிகுண்டில் மட்டும் இருப்பதன்று. பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகளைத் தம் இல்லத்தில் அமுது செய்வித்து, அவர் உண்ட மிச்சிலைத் தாம் ஏற்க விரும்பினார் இராமானுசர். அவர் வருமுன் அவர்தம் மனைவியார் நம்பிகளுக்குச் சோறிட்டனுப்பி, இலையை எறிந்து, இடத்தை மெழுகி, நீராடி, மறுசமையல் செய்தார் என்பது வைணவர் கூறும் வரலாறு. ஆசாரத்தில் அவ்வம்மையார் ஒரு குறையும் வைத்திலர். எனினும் வந்திருந்தவர் யார் என்று அறிந்திலர். இதைக் கேட்டு நம்மவர் புன்னகை செய்ய வேண்டா. நந்தனார் கதை நம்முடையது.

முடிவாக, நமக்கு மிக அணுக்கமான ஓர் ஐயத்தைத் தீர்க்க வேண்டும். ‘மூர்க்கம் கூடாது என்கிறீர், திருவேற்காட்டில் மூர்க்கர் என்ற பெயரிலேயே ஒரு நாயனார் இருக்கின்றாரே?’ என்பர். ஆம், இருக்கின்றார். அடியார்க்கு அமுதளித்தே பொருள் அனைத்தும் தீர்ந்தபின், சூதாடி ஈட்டி அமுதளித்தவர் அவர். தோற்றும் பொருள் தர மறுப்பாரைச் சுரிகை உருவிக் குத்தியமையால் அப்பெயர் பெற்றார். குன்றத்தூரிலே பிறந்து இப்பகுதியை நன்கறிந்த சேக்கிழார் இதனை மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. ஆனால் உற்று நோக்குக. அச்சுரிகை சூதுக்களத்தில் ஏமாற்றியவன்மேல் பாய்ந்ததே அன்றி, ‘நீ எச்சமயத்தான்?’ என்று கேட்டுப் பாய்ந்ததில்லை. சூதில் வந்த பொருளை அவர் தம் கையாலும் தீண்டவில்லை. அடியார் அனைவரும் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார். அடிமைத் தொண்டிலே அவர்க்கிருந்த உறுதி நம் வணக்கத்திற்குரியது. சுரிகை அன்று என்பதே நம் துணிபு. இதனை நாம் புதிதாகச் சொல்லவில்லை. கார்த்திகை மூலத்தன்று அவர்தம் குருபூசை வருகிறது. அன்று எவரும் சூதாடுவதில்லை. சுரிகை உருவுவதும் இல்லை. இலை போட்டுச் சோறிடுகின்றனர்.